பெல்ஃபிளவர் என்று களையை விற்கிறார்கள், உஷார்!

வெறும் வேராகச் செடி அனுப்பும் ஒரு ஆன்லைன் நர்சரியில் 3,200 கட்டினேன், உயரமாக வளரும் பெல்ஃபிளவருக்கு (மணி வடிவில் பூக்கும் கேம்பனுலா செடி). வந்தது களை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்டது கேம்பனுலா லாக்டிஃபுளோராவில் 'லாடன் அன்னா' ரகம். நாலடி வளரும், உச்சியில் வெளிர் ரோஸ் பூ கொத்துக் கொத்தாக விரியும். பணம் கட்டுமுன் விவரம் கேட்டதற்குப் பதில் கச்சிதமாக வந்தது: "வேர்க்கழுத்து மண்மட்டத்திலேயே இருக்கட்டும், தண்டு ஓரடி எழும்பும்போதே கம்பு ஊன்றிவிடுங்கள், நட்டபின் இடம் மாற்றாதீர்கள்." அத்தனையும் சரி. விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பித்தான் 3,200 போனது. தெரிந்த ஆள்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

அடியிலைகள் நீளக் காம்போடு இதய வடிவில் வந்தன. லாக்டிஃபுளோரா இலை நீள்முட்டை வடிவம், அடியில் அந்தப் பிளவு இருக்காது. படம் அனுப்பினால், "இளஞ்செடி அப்படித்தான், பூக்கட்டும்." பூத்தது: ஊதா நிறம், தண்டின் ஒரே பக்கமாக வரிசைகட்டித் தலைகவிழ்ந்து. சந்தேகமே இல்லை, கேம்பனுலா ராபுன்குலாய்ட்ஸ், அதாவது பெல்ஃபிளவர் குடும்பத்திலேயே களையாகப் பரவும் வகை. "உங்கள் மண்ணால் நிறம் மாறியிருக்கும்" என்றார்கள். மண்ணைப் பொறுத்துப் பூ நிறம் மாறுவது ஹைட்ரேஞ்சியா செடியில், அந்தக் கதையை இதற்குச் சொல்கிறார்கள்! மண்ணால் பூ தலைகவிழுமா? கடைசியாக வந்த பதில்: "உத்தரவாதம் 30 நாள்தான்." வெறும் வேராக நட்டது 30 நாளில் பூத்துக் காட்டுமா? அதற்கப்புறம் பதிலே இல்லை.

3,200 போனதோடு தொலையவில்லை. தோண்டினால் வெள்ளைக் கயிறு போலக் கிடைவேர் நாலாபக்கமும் ஓடுகிறது. அதற்கும் கீழே கேரட் மாதிரி தடித்த வேர். இழுத்தால் முறிந்து உள்ளேயே தங்கிவிடும், அந்தத் துண்டு மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் கொத்தினால் பெருக்கிவிடுவதுதான் மிச்சம். கார்டன் ஃபோர்க்கால் மண்ணை நெகிழ்த்தி வேரை முழுசாக எடுக்க வேண்டும். புல்வெளிக் களைக்கு அடிக்கும் 2,4-டி மருந்துக்கெல்லாம் இது மசியாது.

சொன்னபடி, வாங்கும்போது பார்க்க வேண்டியது, சுருக்கமாக: முழுத் தாவரப் பெயர் போடாத இடத்தில் வாங்காதீர்கள். 'லாடன் அன்னா' விதை என்று விற்றால் விட்டுவிடுங்கள், அந்த ரகம் விதையில் அப்படியே வராது. பெல்ஃபிளவர் போலவே இருக்கும் அடினோஃபோரா என்ற செடியின் பெயரிலும் இதே களை வரும். பூவைப் பிளந்து சூல்தண்டின் (பூவின் நடுவே நீளும் தண்டு) அடியில் வளையம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அது அடினோஃபோரா இல்லை. புதுச்செடி எதுவானாலும் பூக்கும்வரை தொட்டியிலேயே இருக்கட்டும். தோண்டிய வேரை உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.