ஜி.ஐ. ஜோ: அமெரிக்க அசலா, ஃபன்ஸ்கூலா, புது ஆறு அங்குலமா?

நாற்பது வயதில் ஒருவன் மறுபடி பொம்மை வாங்க ஆரம்பித்தால், வீட்டில் முதலில் கிடைப்பது ஒரு பார்வை. அதைச் சமாளித்தபின் வருவது எதை வாங்குவது என்ற குழப்பம். ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்க ராணுவ வீரர் பொம்மைக்கு இன்று மூன்று வழி உண்டு. 1982-இலிருந்து 1994 வரை ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி அமெரிக்காவில் விற்ற அசல். நம் ஊர்க் கடைகளில் தொங்கிய ஃபன்ஸ்கூல். 2020-இல் வந்த ஆறு அங்குல கிளாசிஃபைடு வரிசை. மூன்றிலும் காசு விட்டவன் என்பதுதான் இதை எழுத எனக்கிருக்கும் தகுதி.

அசலிலிருந்தே தொடங்கலாம். 1964-இல் முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குலம். பையன்களுக்கான சாமானை ‘டால்’ என்று சொல்லி விற்க முடியாது என்பதால்தான் ஹாஸ்ப்ரோ ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரையே கொண்டுவந்தது. 1982-இல் ஆள் 3¾ அங்குலமாகச் சுருங்கினான். கென்னர் கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் அதற்குள் பிரபலமாக்கியிருந்த அளவு அது. முதல் வருடம் முழங்கை மடங்கும், ஆனால் கை திரும்பாது. 1983-இல் முழங்கைக்கு மேலே ஒரு சுழற்சி வைத்தார்கள். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். பொம்மை ஒட்டி வரும் அட்டையின் பின்பக்கம் வெட்டி எடுக்க ஒரு ஃபைல் கார்டு இருக்கும். ஆளின் உண்மைப் பெயர், பிறந்த ஊர், எதில் கெட்டிக்காரன் என்பதெல்லாம் அதில். பெரும்பாலும் காமிக்ஸ் எழுத்தாளர் லாரி ஹாமா எழுதியவை. பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க மொத்தமும் கறுப்பாக விடப்பட்ட ஸ்னேக் ஐஸ் என்ற வீரன்தான் கடைசியில் எல்லாரையும் விடப் பிரபலமானான். சிக்கனத்துக்கு இப்படியும் ஒரு பலன்.

இதில் வில்லங்கம் இடுப்பில். உடம்பின் மேல்பாதியையும் காலையும் சேர்த்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். நாற்பது வருட ரப்பர் காய்ந்து அறுந்தால் ஆள் இரண்டு துண்டு. பயப்பட வேண்டாம். முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய வளையத்தை ஹார்டுவேர் கடையில் காட்டி அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. கட்டைவிரல் உடைந்தால்தான் வைத்தியம் இல்லை. அப்புறம் துப்பாக்கிகள்: ஆயுதம் இல்லாத ஆள் மலிவாகக் கிடைப்பான், அவனுடைய நகத்தளவு துப்பாக்கியைத் தனியாகத் தேடினால் ஆளை விட விலை அதிகமாக இருக்கும்.

ஃபன்ஸ்கூல் கதை வேறு. எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய கம்பெனி. தலைமை அலுவலகம் சென்னை, தொழிற்சாலை கோவாவில். அமெரிக்காவில் ஓடி முடிந்த அச்சுகள் இங்கே வந்தன. அதனால் அங்கே எண்பதுகளில் விற்ற முகங்கள் இங்கே தொண்ணூறுகளில் விற்றன. அங்கே விற்பனை நின்ற பிறகும் இங்கே 2000-ஐத் தாண்டி ஓடியது. வண்ணம் மட்டும் அமெரிக்கா சொன்னபடி கேட்கவில்லை. அங்கே ஒரு நிறத்தில் வந்த சட்டை இங்கே வேறு நிறத்தில் வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்த வண்ணங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்; பிறகு அவர்களே 2000-களின் தொடக்கத்தில் பெட்டி பெட்டியாக வரவழைத்து வாங்கினார்கள்.

அவர்களுக்கு அது விநோதப் பொருள். எனக்கு அப்படி இல்லை. அரைப்பரீட்சை லீவில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கடியில் நான் ஒளித்து வைத்த ஆளின் நிறம் அதுதான். அசல் என்று பெயர் போட்டு வரும் அமெரிக்கப் பொம்மையைக் கையில் எடுக்கும்போது, ஓஹையோவில் யாரோ ஒரு பையனின் ஞாபகத்தைக் காசு கொடுத்து வாங்கியது போலத்தான் எனக்கு இருக்கிறது. வேலைப்பாட்டில் அது ஒரு படி மேல், மறுக்கவில்லை.

கிளாசிஃபைடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகம் அச்சு அசல் மனித முகம், மூட்டுகள் ஏராளம், அலமாரியில் நிறுத்தினால் விருந்தாளி நின்று பார்ப்பார். ஆனால் டவுசர் பாக்கெட்டில் அடங்காது. வண்டிகளும் அதிகம் இல்லை. 1985-இல் வந்த யு.எஸ்.எஸ். ஃபிளாக் கப்பல் 3¾ அங்குல ஆட்களுக்கே ஏழரை அடி நீளம். ஆறு அங்குலத்துக்கு அதே கணக்கில் செய்தால் பன்னிரண்டு அடி. ஹாலில் சோபாவைத் தூக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இந்தியாவில் பொம்மைகளின் இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 முதல் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் கட்டாயம். கடையில் விலைச்சீட்டைப் பார்த்து ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது.

என் வரிசை இது: முதலில் அட்டை பிரித்த ஃபன்ஸ்கூல், நான்கைந்து. பிறகு பார்வைக்கு ஒரே ஒரு கிளாசிஃபைடு. பிரிக்காத அட்டையோடு வாங்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் விளையாடாத பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அமெரிக்க அசல் கடைசியில், அதுவும் இரண்டு கட்டைவிரலும் தெரிகிற படம் கேட்டு வாங்கிய பிறகு. நான் கேட்கவில்லை. 1984-ஆம் வருட வெள்ளை உடை நிஞ்சா ஸ்டார்ம் ஷேடோ லேசாகப் பழுப்பேறி வந்து சேர்ந்தான், வலது கட்டைவிரல் இல்லாமல். கத்தியை இடது கையில் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன்.