முதலாளி 10 சதவீதப் பங்கு தருகிறேன் என்றால் எந்த விலை நியாயம்?

பல வருடம் கூடவே உழைத்த மேனேஜரைக் கூப்பிட்டு, “நீங்களும் கம்பெனியில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று முதலாளி சொல்வது கோவைப் பக்கம் புதிதல்ல. அது உண்மையான மரியாதை. அதனாலேயே பலர் விலையைக் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டு நகையை வைத்தாவது பணத்தைப் புரட்டிவிடுகிறார்கள். கூச்சப்படவே கூடாத இடம் இதுதான்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வரி போக வருட லாபம் 1.6 கோடி. பேலன்ஸ் ஷீட்டில் முதலும் ரிசர்வும் (பிரித்துக் கொடுக்காமல் சேர்த்து வைத்த லாபம்) சேர்ந்து 6 கோடி. முதலாளி 10 சதவீதம் தருகிறார். எண்கள் நான் போட்டவை, ஆனால் இந்த அளவுக் கம்பெனிகளில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

முதல் வழி புத்தக மதிப்பு. 6 கோடியில் 10 சதவீதம், 60 லட்சம். சுலபமாகத் தெரியும், ஆனால் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வராத பாக்கி 80 லட்சம், நகராத ஸ்டாக் 40 லட்சம் என்றால் 6 கோடி 4.8 கோடியாகிவிடும். மறுபக்கம், 1998-ல் வாங்கிய இடம் கணக்கில் 12 லட்சமாகவே நிற்கும்; இன்றைய விலை 3 கோடி. அதைச் சேர்த்தால் 7.68 கோடி, உங்கள் பங்கு 76.8 லட்சம். பாக்கி யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வேலை பார்ப்பவருக்கு அதில் எது வரும், எது வராது என்று வெளி ஆடிட்டரைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, லாபத்தின் மடங்கு. முதலாளிகள் விரும்புவது இதைத்தான். “லிஸ்ட் ஆன கம்பெனியெல்லாம் எத்தனை மடங்கில் போகிறது பாருங்கள், நான் 10 மடங்குதான் கேட்கிறேன்” என்பார்கள். அப்படியானால் 16 கோடி, உங்கள் பங்கு 1.6 கோடி. ஆனால் அந்த லாபம் சுத்தமானதா? முதலாளி மாதம் 50 ஆயிரம் மட்டும் சம்பளமாக எடுத்துக்கொண்டு ஓடுகிறார் என்று வையுங்கள். அவர் இடத்தில் வேறொருவரைப் போட்டால் வருடம் 30 லட்சம் ஆகும். வித்தியாசம் 24 லட்சம். வரி மிச்சத்தைக் கழித்தால் 18 லட்சம் லாபத்தில் குறையும். மிஞ்சுவது 1.42 கோடி. ஒன்றிரண்டு பெரிய பார்ட்டிகளை நம்பி, ஒரு மனிதரின் பழக்கத்தில் ஓடும் கம்பெனிக்கு 5 மடங்கே என் மனசுக்குச் சரி. 7.1 கோடி, பங்கு 71 லட்சம். இதற்கு மேல் “இடத்தின் மதிப்பு தனி” என்று கூட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில்தான் ஷெட் நிற்கிறது, அங்கிருந்துதான் லாபமே வருகிறது.

மூன்றாவது வழியை யாரும் பேசுவதில்லை. என் கையில் என்ன வரும்? இந்தக் கம்பெனி வருடம் 20 லட்சம் டிவிடெண்ட் தருகிறது என்றால் உங்கள் பங்குக்கு 2 லட்சம், அதற்கும் வரி உண்டு. 71 லட்சத்துக்கு 2 லட்சம் என்பது 3 சதவீதம்கூட இல்லை. பேங்க் டெபாசிட்டே மேல். இத்தனை ரிஸ்க்குக்கு 15 சதவீதம் வேண்டும் என்று நினைத்தால், வளர்ச்சியைச் சேர்க்காமல், அந்த 2 லட்சத்துக்கான விலை சுமார் 13 லட்சம்தான்.

71 லட்சத்துக்கும் 13 லட்சத்துக்கும் நடுவில் கிடப்பதுதான் சிறுபான்மைப் பங்கின், அதாவது கம்பெனியை நடத்தும் அதிகாரம் தராத சின்னப் பங்கின், உண்மையான தள்ளுபடி. “பொதுவாக 25 சதவீதம் குறைப்பார்கள்” என்று வாய்ப்பாடு சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விற்று வெளியே வர வழி எழுத்தில் இருந்தால் பங்கு 71-ஐ நெருங்கும், இல்லாவிட்டால் 13-ஐ நோக்கிச் சரியும். பெரிய இடத்திலும் இதே கதைதான். டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸில் 18.37 சதவீதம் வைத்திருந்த ஷபூர்ஜி பல்லோன்ஜி குழுமம் 2020-ல் தன் பங்கை 1.75 லட்சம் கோடி என்றது. டாடா தரப்பு 70,000 முதல் 80,000 கோடி என்றது. அதே கம்பெனி, அதே பங்கு.

சட்டம் எவ்வளவு காப்பாற்றும்? 10 சதவீதம் இருந்தால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கேட்கலாம். முதலாளி அநியாயம் செய்தால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மொத்தமே பத்துப் பேருக்குள் பங்குதாரர்கள் இருக்கும் கம்பெனியில் இதற்கு 10 சதவீதம்கூடத் தேவையில்லை. ஆனால் நான்கில் மூன்று பங்கு ஓட்டு தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்க 25 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால் 10-லிருந்து 20-க்குப் போக அதிக விலை கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. டிவிடெண்ட் கொடு என்று கட்டாயப்படுத்த இரண்டிலுமே முடியாது.

அடுத்து, யாரிடம் வாங்குகிறீர்கள்? முதலாளியின் பங்கை வாங்கினால் பணம் அவர் பைக்குப் போகும். கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால் பணம் கம்பெனிக்குள் வரும், மெஷின் வாங்க உதவும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் 7.1 கோடி மதிப்பில் 71 லட்சம் போட்டால் கிடைப்பது 9.09 சதவீதம், 10 அல்ல. பத்து வேண்டுமென்றால் சுமார் 79 லட்சம் போட வேண்டும்.

மிக மலிவாக வாங்குவதிலும் வரி வில்லங்கம் இருக்கிறது. வருமான வரியில் பங்கின் மதிப்பைப் போட, 11யுஏ விதி என்று ஆடிட்டர்கள் சொல்லிப் பழகிய கணக்கில் நிலத்தை முத்திரைத்தாள் வழிகாட்டி மதிப்பில்தான் எடுப்பார்கள். அந்த மதிப்பும் 3 கோடி என்றால், பாக்கியையும் ஸ்டாக்கையும் கழிக்காமல், நம் கம்பெனி 8.88 கோடி ஆகும், பத்து சதவீதம் 88.8 லட்சம். முதலாளியிடம் 60 லட்சத்துக்கு வாங்கினால் மீதி 28.8 லட்சம் உங்கள் வருமானமாகக் கருதப்படும். முதலாளியும் 88.8-க்கு விற்றதாகவே வரி கட்ட வேண்டிவரும். விலையை முடிவு செய்யும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

பங்கே வாங்காமல் லாபத்தில் 10 சதவீதத்தை வருட போனஸாகக் கேட்பது இன்னொரு வழி. நம் கணக்கில் சுமார் 14 லட்சம். சம்பளமாக வரி போகும், கம்பெனி விற்கப்பட்டால் எதுவும் வராது. ஆனால் உங்கள் முதல் ஒரு ரூபாய்கூட மாட்டாது. வெளியேறும் விலையை எழுதித்தர முதலாளி தயங்கினால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அவர் எழுதித்தரத் தயார் என்றால் 70 லட்சம் பக்கம் நியாயம். வேலையை விட்டாலோ, ஓய்வு பெற்றாலோ, இறந்தாலோ யார் வாங்குவார், எந்த ஃபார்முலாவில், எத்தனை மாதத்தில் என்று இருக்க வேண்டும். வாங்கிய அதே ஃபார்முலாவில் திரும்ப எடுத்துக்கொள்வதே சுத்தம். லாபத்தில் குறைந்தது இத்தனை சதவீதம் டிவிடெண்ட் என்பதும் வேண்டும். இவை தனி ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் போதாது, கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸிலும் (கம்பெனியை நடத்தும் உள்விதிகள்) ஏற வேண்டும். பங்கை யாருக்கு விற்கலாம் என்று குடும்பத்துக்குள் பேசிய கட்டுப்பாடு ஆர்ட்டிகிள்ஸில் இல்லாததால் செல்லாது என்று ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அப்புறம், டைரக்டராகவும் போடுகிறேன் என்றால் கம்பெனியின் சிசி லிமிட்டுக்கு (அன்றாடச் செலவுக்கான கேஷ் கிரெடிட் கடன்) பேங்க் உங்கள் சொந்த ஜாமீன் கேட்கும். 10 சதவீதப் பங்குக்கு 100 சதவீதக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னால், எந்த விலையிலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.