நெட்வொர்க்கில் இயங்கும் ஐடி கார்டு பிரிண்டர் என்றார்கள், பின்பக்கத்தில் லேன் போர்ட்டே இல்லை

ஐடி கார்டு அடித்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் பள்ளிக்கூட ஆபீஸில் இருப்பவர்களும் பிரிண்டருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கரூரில் நானும் என் தங்கையும் ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். மூன்று சிஸ்டம், ஒரே ஒரு பழைய பிரிண்டர். யாருக்குக் கார்டு அடிக்க வேண்டுமானாலும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அந்த ஒரு சிஸ்டத்துக்குத்தான் போக வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆர்டர் குவிந்துவிடும். அதனால் லேன் கேபிளை நேராக மாட்டி, மூன்று சிஸ்டத்திலிருந்தும் அடிக்கிற மாதிரி ஒன்று தேடினோம். கோவையில் ஒரு டீலர் கிடைத்தார். போனில் மூன்று முறை கேட்டேன், "அண்ணே, லேன் இருக்குல்ல?" என்று. "நெட்வொர்க் மாடல்தான் தம்பி, வைஃபையும் வரும்" என்றார். முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்துப் பின்பக்கம் திருப்பினால், கரண்ட் வயர் செருகும் இடம், சதுரமான யுஎஸ்பி போர்ட், அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. நெம்பி எடுத்துப் பார்த்தேன். லேன் போர்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

இதில்தான் ஏமாற்றுவது சுலபம். ஒரே பெயரில், ஒரே உருவத்தில், லேன் உள்ளதும் இல்லாததும் விற்பனைக்கு வருகின்றன. ஃபார்கோ டிடிசி1250இ என்ற கார்டு பிரிண்டரில் யுஎஸ்பிதான் கூடவே வரும், ஈதர்நெட் (அதாவது லேன்) வேண்டுமானால் அதோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். எவோலிஸ் ஸீனியஸ் என்ற பிரிண்டரில் கிளாசிக் மாடலுக்கு லேன் கிடையாது, எக்ஸ்பர்ட் மாடலுக்கு உண்டு. நான் வாங்கியது இந்த இரண்டும் அல்ல, ஆனால் கதை இதேதான்.

டீலரைக் கூப்பிட்டேன். "ஒரு பாக்ஸ் அனுப்புறேன், அதுல மாட்டினா நெட்வொர்க் ஆயிடும்" என்று ஒரு பிரிண்ட் சர்வரை அனுப்பி, அதற்கு 4,500 ரூபாய் தனியாக வாங்கினார். சாதாரணப் பேப்பர் பிரிண்டருக்கு அது போதுமாக இருக்கலாம். கார்டு பிரிண்டரை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரோ ரிப்பன் எவ்வளவு மிச்சம், கார்டு சிக்கியதா என்று பிரிண்டரிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பாக்ஸ் பதிலைத் திருப்பி அனுப்பவில்லை. ஆறாவது கார்டு பாதியில் வெளியே வந்து விழுந்தது. ஒரு குழந்தையின் முகம் இருந்தது, கீழே பெயர் இல்லை. மேலே பூச வேண்டிய பாதுகாப்புப் படலமும் இல்லாததால் நகம் பட்ட இடத்தில் கோடு விழுந்தது. கார்டு கெட்டாலும் ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு, படலம் என்று ஒரு செட் போனது போனதுதான். 200 கார்டு ரிப்பனில் அன்றைக்கு மட்டும் 31 வீணானது.

அப்புறம் அவருடைய ஆள் வந்தார். பிரிண்டரை ஒரு சிஸ்டத்தில் மாட்டி, ஷேர் போட்டுவிட்டு, "இதுவும் நெட்வொர்க்தான் சார்" என்றார். இல்லை. அந்த ஒரு சிஸ்டத்தை அணைத்தால் மற்ற இரண்டும் அடிக்காது. அதற்கும் 800 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்.

திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் பில்லைக் கவனித்தேன். "கார்டு பிரிண்டர் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் நம்பர் இல்லை, லேன் என்ற சொல்லே இல்லை. போனில் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

நீங்கள் வாங்கும்போது பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைஃபை வேண்டுமென்றால் அது உள்ளேயே பொருத்தி வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள், லேன் இருந்தால் வைஃபையும் இருக்கும் என்று அர்த்தமில்லை. முழு மாடல் நம்பரும் "ஈதர்நெட் உடன்" என்ற வார்த்தையும் கொட்டேஷனிலும் பில்லிலும் இருக்கட்டும். லேன் உள்ளதை மாட்டியதும் ரவுட்டரில் அதற்கு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் பிரிண்டரை அடையாளம் காட்டும் எண்ணை) நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி, பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும். இரண்டு நிமிட வேலை, இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது என்று டீலர் மிரட்டுகிறார். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய கருவிக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவரிடமே வாங்கி இதே மாதிரி ஆனவர்கள் இருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போவோம்.