தியேட்டர் ரூம் டிம்மர்: எர்த் வயரில் நியூட்ரல் எடுத்துவிட்டுப் போனார்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டில் தியேட்டர் ரூம் போடுகிறவர்கள் இப்போது ரொம்பப் பேர். ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரர்களே "லைட்டு வேலையும் நாங்களே பண்ணித் தர்றோமுங்க, எல்லாம் ஒரே ரிமோட்டுல வந்துரும்" என்று சேர்த்துப் பேசுகிறார்கள். அப்படிப் பேசி எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையைத்தான் எழுதுகிறேன். பணம் மட்டும் போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆளைக் கொல்கிற மாதிரி ஒயரிங் செய்து வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, மாடி ஏற முடியாது. அதனால் கீழேயே, முன்பு நெல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ரூமைத்தான் மாற்றினோம். படம் பார்க்கும்போது இருட்டில் எழுந்து போய் ஸ்விட்ச் தேடி அவர் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே லைட்டும் ரிமோட்டில் வேண்டும் என்று கேட்டோம். கோவையில் இருக்கும் ஒரு கடை 3 டிம்மர் (லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்விட்ச்), ஒரு யுனிவர்சல் ரிமோட், அதைச் செட் செய்து தரும் கூலி எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் வாங்கியது. "ஒரே பட்டனுங்க மேடம். அமுக்குனா ப்ரொஜெக்டர் ஆன் ஆகும், ரிசீவர் ஆன் ஆகும், லைட்டு தானா மங்கும்." பேச்சு இவ்வளவுதான். கொட்டேஷனிலும் அப்படியேதான் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் பிரச்சனை அந்த ஒரே பட்டனிலேயே வந்தது. அவர்கள் போட்ட டிம்மரில் ஆன் செய்வதற்கும் ஆஃப் செய்வதற்கும் சேர்த்து ஒரே சிக்னல்தான். லைட் எரிந்துகொண்டிருந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். யுனிவர்சல் ரிமோட்டுக்கு லைட் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. அது சொன்ன சிக்னலை அனுப்பும், அவ்வளவுதான். அப்பா ஏற்கனவே லைட்டை அணைத்துவிட்டு "படம்" பட்டனை அமுக்கினால், படம் தொடங்கும்போது ரூம் முழுக்க வெளிச்சம் அடிக்கும். ஆனுக்கு ஒரு சிக்னல், ஆஃபுக்கு வேறு சிக்னல், 25 சதவீதம், 50 சதவீதம் என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி சிக்னல் இருக்கிற டிம்மராக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கடைக்காரரிடம் கேட்டால், "ப்ரோகிராமிங்ல சரி பண்ணிக்கலாமுங்க" என்றார். ரிமோட்டில் என்ன ப்ரோகிராம் செய்தாலும் டிம்மரில் இல்லாத சிக்னலை உண்டாக்க முடியாது. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

ரிமோட்டே ஹார்மனி. பழைய மாடல். லாஜிடெக் நிறுவனம் ஹார்மனி ரிமோட் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அதைப் புது மாடல், கம்பெனி வாரண்டி உண்டு என்று சொல்லித் தந்தார்கள். பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, எம்.ஆர்.பி. ஸ்டிக்கரும் இல்லை. வெளிநாட்டுப் பொருளைப் பெட்டியில் அடைத்து இங்கே விற்றால் இவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

அடுத்தது லைட். டவுன்லைட்டும் அந்தக் கடையே கொடுத்ததுதான். டிம்மரைக் குறைத்தால் எல்லாம் துடிக்க ஆரம்பித்தன, கூடவே ஒரு ரீங்காரம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் கண் வலி. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 100 அரை அலை. சாதாரண டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. குண்டு பல்புக்கு அது ஒத்துப்போகும், இழையின் சூடு அதற்குள் ஆறாது. எல்.இ.டி. லைட்டில் இருப்பது டிரைவர், அதாவது லைட்டுக்கு வேண்டிய மாதிரி மின்சாரத்தை மாற்றித் தருகிற சின்ன சர்க்யூட். டிம்மபிள் என்று போடாத டிரைவருக்கு வெட்டுப்பட்ட மின்சாரம் ஆகாது. துடிக்கும், சத்தம் போடும், சீக்கிரம் போய்விடும். எங்களுக்குக் கொடுத்த பெட்டியில் டிம்மபிள் என்ற வார்த்தையே இல்லை. கடையின் பதில்: "உங்க ஊர்ல ஈ.பி. வோல்டேஜ் சரியில்லீங்க, ஒரு ஸ்டெபிலைசர் வெச்சுக்குங்க." அதையும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். மீட்டர் வைத்துப் பார்த்தோம், வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது.

இதெல்லாம் கூடப் போகட்டும். மூன்று டிம்மரும் ஒன்றாக வேலை செய்யும்போது வீட்டு ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் லைனை வெட்டுகிற பாதுகாப்பு ஸ்விட்ச், ட்ரிப் ஆக ஆரம்பித்தது. போன் செய்தேன். அந்தக் கடை டெக்னீஷியன் துளியும் யோசிக்காமல், "அதைய பைபாஸ் பண்ணச் சொல்லுங்க மேடம், டிம்மர் போட்டா அப்படித்தான் ட்ரிப் ஆகும்" என்றார்.

எங்கள் ஊர் வயர்மேன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், வந்து பார்த்தார். பைபாஸ் செய்யச் சொன்னார்கள் என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. "என்ற கையால அதைய நான் பண்ண மாட்டேன் கண்ணு. முதல்ல போர்டைக் கழட்டிப் பாக்குலாம்" என்றார். கழற்றினால், டிம்மரில் நியூட்ரல் வர வேண்டிய இடத்தில் பச்சை ஒயர். எர்த்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், பழைய வீடுகளில் ப்ளக் பாயின்ட் இல்லாத லைட் போர்டுக்கு நியூட்ரல் வராது. பேஸ் வரும், லைட்டுக்குப் போகிற ஒயர் இருக்கும், இரும்புப் பெட்டிக்கு எர்த் இருக்கும். ரிமோட் சிக்னலுக்காக எந்நேரமும் காத்திருக்கிற டிம்மர் பலவற்றுக்கு நியூட்ரல் கட்டாயம் வேண்டும். பைப்பில் புதிதாக ஒரு ஒயர் இழுத்தால் முடிந்தது, அரை நாள் வேலை. அந்த அரை நாளை மிச்சம் பிடிக்க எர்த்தில் சொருகிவிட்டார்கள்.

பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதைத்தான் ஆர்.சி.சி.பி. பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் போடுகிற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வருவதற்குள் லைனை வெட்டிவிடும். டிம்மர்கள் எர்த் வழியாக மின்சாரத்தை விட்டதால்தான் அது ட்ரிப் ஆனது. அதாவது அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைப் பைபாஸ் செய்துவிட்டு, பிறகு எங்காவது அந்த எர்த் ஒயர் அறுந்தால், டிம்மர் வழியாக வரும் மின்சாரம் அதே எர்த்தில் சேர்ந்திருக்கிற எல்லா இரும்பிலும் நிற்கும். ஸ்விட்ச் போர்டு பெட்டி, ஸ்க்ரீன் மோட்டாரின் கூடு, அதே எர்த்தில் இருந்தால் ரிசீவரின் உடம்பு. அப்பா எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

மாமாதான் பிறகு எல்லாம் சரி செய்தார். நியூட்ரல் இழுத்தார். டிம்மபிள் டிரைவர் உள்ள லைட், அதற்குத் தோதான ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் (அரை அலையின் பின்பகுதியை வெட்டுகிற வகை), அதிலும் ஆன், ஆஃப், அளவு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஐ.ஆர். (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) சிக்னல் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினோம். யுனிவர்சல் ரிமோட்டுக்கு டிம்மரின் ரிமோட்டைக் காட்டி ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தோம். இப்போது அப்பா ஒரு பட்டனில் படம் போடுகிறார்.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்கக்கூடிய ஒரு விஷயம். டிம்மருடன் வரும் ரிமோட்டை உங்கள் போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்குங்கள். பெரும்பாலும் நுனியில் ஊதா வெளிச்சம் மினுக்கும், அது ஐ.ஆர். ஒன்றுமே தெரியவில்லை என்றால் 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற ரேடியோ ரிமோட்டாக இருக்கலாம், ஐ.ஆர். மட்டும் அனுப்பும் யுனிவர்சல் ரிமோட் அந்த டிம்மரோடு பேசாது. நீங்கள் மாட்டப்போகிற அதே லைட்டை, அதே டிம்மரில் மாட்டி, கடைசி அளவு வரை குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடை பணத்தைத் திருப்பித் தரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், அதற்கும் கடையிடமிருந்து பதில் இல்லை. இப்போது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது, அதனால்தான் கடைப் பெயரைப் போடவில்லை. கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

ஏற்கனவே ரிமோட் டிம்மர் போட்டிருப்பவர்கள், முக்கியமாகப் பழைய வீட்டில் போட்டிருப்பவர்கள், மெயினை ஆஃப் செய்துவிட்டு நம்பிக்கையான வயர்மேனை வைத்து போர்டைக் கழற்றிப் பாருங்கள். நியூட்ரல் இடத்தில் பச்சை ஒயர் இருந்தால், அதைத் தொடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள். எங்கள் வழக்கில் கொட்டேஷனுக்கு அடுத்து அந்தப் போட்டோதான் பெரிய சாட்சி.