கிளார்க் கீயா, சாங்கியா: எந்தப் படகில் ஏற்றிவிடுவது?

நாகப்பட்டினத்திலிருந்து சித்தப்பாவும் சித்தியும் சிங்கப்பூருக்கு வந்திருந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சித்தப்பா. எந்த ஊருக்குப் போனாலும் அவர் கண் முதலில் தேடுவது படகைத்தான். வந்த மறுநாளே, "ஆத்துல போட் ஓடுதாமே தம்பி, அதுலயே ஊரைச் சுத்திடலாம்ல?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஒரு வாரத்தில் கிளார்க் கீ படகு, சாங்கியிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகு, நடுவில் எம்ஆர்டி ரயில் என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். ஊரிலிருந்து ஆள் வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சிங்கப்பூர் ஆறு. கிளார்க் கீயில் ஏறினால் போட் கீ, கேவனா பாலம், சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலை, மரினா பே என்று ஒரு வட்டம் அடித்து சுமார் 40 நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். டிக்கெட் ஆளுக்கு இருபது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். நாலு பேர் குடும்பம் என்றால் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடலாம். ஆனாலும் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி, இரண்டு காரணங்களுக்காக.

ஒன்று, தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் பார்வை. போட் கீயின் பழைய கடைவீடுகள் வளைந்து நிற்கும் அழகு கரையில் நடந்தால் பாதிதான் பிடிபடும். கெண்டை மீனின் வயிறு மாதிரி அந்த வளைவு இருப்பதால் அங்கே கடை போட்டால் காசு கொழிக்கும் என்று அன்றைய சீன வணிகர்கள் நம்பினார்கள். படகிலிருந்து பார்த்தால் அந்த வயிறு தெரிகிறது. அதற்குப் பின்னாலேயே 280 மீட்டர் உயரக் கட்டடங்கள் கழுத்து வலிக்கும் அளவுக்கு எழும்பி நிற்கும். மெர்லயனும் அப்படித்தான். 1972இல் ஆற்று வாயில் வைத்த சிலை அது. 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைத்ததால் 2002இல் இப்போதைய இடத்துக்கு நகர்த்தினார்கள். படகு அதன் முன்னால் போய் நிற்கும்போது, கரையில் தலைகளுக்கு நடுவே கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கும் அவஸ்தை இல்லை.

இரண்டாவது காரணம் சித்தியின் முழங்கால். 2008இல் மரினா அணை திறந்த பிறகு கடல் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வருவதில்லை. தண்ணீர் மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. படகின் விளிம்பும் துறையின் விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சித்தி என் தோளைப் பிடித்து ஓர் எட்டு வைத்தார், ஏறிவிட்டார். பழைய காலத்தில் இது நடந்திருக்காது. கேவனா பாலம் தாழ்வானது. தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் சரக்குப் படகுகள் அதற்கு அடியில் புக முடியாமல் வற்றும்வரை காத்துக் கிடந்தனவாம்.

படகில் ஒலிப்பதிவு விளக்கம் ஆங்கிலத்தில் ஓடியது. சித்திக்காக நான் தமிழில் ஒரு தனி ஒலிபரப்பு நடத்தினேன். அதில் நான் விடாமல் சொன்னது சூலியாக்களின் கதை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். சீனப் படகோட்டிகளின் கை ஓங்கியது அதற்குப் பிறகுதான். சூலியா தெரு இன்னும் போட் கீக்குப் பின்னாலேயே இருக்கிறது. தெலுக் ஆயரில் நாகூர் தர்கா இருக்கிறது. "நம்ம ஊரு ஆளுங்க" என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. மோட்டார் பேட்டரியில் ஓடுகிறது. "சத்தமே இல்லையேப்பா. போட்டா, ஊஞ்சலா?" முகப்பில் கண் வரைந்த அந்தத் தொங்கான் (பழைய சரக்குப் படகு) சாயல் வெறும் வேஷம் என்பது அவர் கணிப்பு. அதை மறுக்க முடியாது. 1977இல் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கி 1987இல் முடித்தார்கள். இடையில், 1983இல், உண்மையான சரக்குப் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று ஓடுபவை பழைய உருவத்தை வைத்துக்கொண்டு பயணி ஏற்றுபவை. இன்னொன்று, பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறாதீர்கள், வெந்துவிடுவீர்கள். மாலை ஏழை ஒட்டி ஏறினால் போகும்போது அந்தி, திரும்பும்போது விளக்கு. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஊர்.

சரி, சித்தப்பா கேட்ட இன்னொரு பாதி: படகிலேயே போய்வர முடியுமா? ஆற்றின் நீளமே 3.2 கிலோமீட்டர்தான். வேடிக்கை என்னவென்றால், நம் பேருந்து, ரயில் கட்டணத்தின் முதல் படியும் 3.2 கிலோமீட்டர்தான். மொத்த ஆறும் குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது! பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் தூரத்தைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாங்காக்கில் வேலைக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவது சாலை நெரிசலுக்குப் பயந்து. இங்கே அந்தப் பயம் அவ்வளவு இல்லை.

ரயிலுக்கும் ஒரு கோணல் உண்டு. கிளார்க் கீயிலிருந்து மரினா பே பக்கமுள்ள பேஃபிரண்ட் நிலையத்துக்குப் போக ஊதாப் பாதையில் ஒரு நிறுத்தம் போய், சைனாடவுனில் மாறி, நீலப் பாதையில் தெலுக் ஆயர், டவுன்டவுன் தாண்ட வேண்டும். சைனாடவுனில் மாறும்போது சித்திக்கு மின்படிக்கட்டே ஒரு சுற்றுலாவாகிவிட்டது. படகு நேராகப் போகும் வழியை ரயில் வளைத்துப் போகிறது. என்றாலும் தினமும் போக ரயில்தான். படகுத்துறைகள் இருப்பது உலாவும் இடங்களில், அலுவலக வாசலில் அல்ல. தேக்காவிலிருந்து கிளார்க் கீக்கே ஊதாப் பாதையில் இரண்டே நிறுத்தம். அதைவிட எளிதாக எந்தப் படகு வரும்?

வாத்து மாதிரி தரையிலும் தண்ணீரிலும் போகும் சுற்றுலா வண்டியைக் குழந்தைகளுக்காக விட்டுவிடலாம். பெரியவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

நிஜமாகவே போக்குவரத்துக்கு ஓடும் பம்போட் (சின்ன மோட்டார் படகு) வேண்டும் என்றால் சாங்கிக்குத்தான் போக வேண்டும். அது ஆறு அல்ல, கடல். தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பேருந்து. கடைசி நிறுத்தத்தில் உணவங்காடி, பக்கத்தில் படகுத்துறை. இங்கே அட்டவணை இல்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது ஒன்பது பேர். சைக்கிளோடு இரண்டு பையன்கள் வந்தார்கள், பதினொன்று. இன்னும் ஒருவர் வேண்டும். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவசரப்பட்டால் காலி இருக்கைக்கும் சேர்த்துக் கொடுத்துக் கிளம்பலாம். யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி வந்தபோது, கல்யாணப் பெண்ணை வரவேற்பது மாதிரி எல்லோரும் எழுந்தார்கள்.

ஏறுவதுதான் சிக்கல். இங்கே ஏற்றவற்றம் உண்டு. படி ஈரம், படகு ஆடுகிறது, பக்கவாட்டில் தொங்கும் டயர்கள் துறையில் மோதி முனகுகின்றன. சித்தி பெஞ்சில் உட்காருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. முழங்கால் வலிக்காரர்களை யோசித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். ஆனால் எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பி டீசல் புகை அடித்ததும் சித்தப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலைக்கு மேலே சாங்கியில் இறங்கும் விமானம், கீழே கயிற்றைச் சுருட்டும் படகுக்காரர். கால் மணி நேரத்துக்குள் உபின். மலேசியாவோடு இணைக்கும் ஜொகூர் பாலத்துக்குக் கல் போனது இந்தத் தீவிலிருந்துதான். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள். திரும்பவும் பன்னிரண்டு பேர் சேர வேண்டும்.

ஆக, கையில் ஒரே ஒரு மாலை என்றால் கிளார்க் கீ. ஒரு முழு நாளும் நல்ல முழங்காலும் இருந்தால் உபின். காசே செலவழிக்க வேண்டாம் என்றால் ஆற்றங்கரையில் நடங்கள். கிளார்க் கீயிலிருந்து மெர்லயன் வரை நிழல் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பாலங்களின் மேலே ஏறி நிற்கலாம், அது படகில் கிடைக்காது. கடைசி நாள் நாங்கள் அப்படித்தான் போனோம். 1869இல் கட்டிய கேவனா பாலத்தின் முனையில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்பு இருக்கிறது: 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேற்பட்ட வண்டிகளுக்கும், மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அனுமதி இல்லை. படித்துச் சொன்னேன். சித்தி சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு உண்டா இல்லையான்னு நல்லா கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.