உக்கடம் பழைய புத்தகமா, கல்லூரி நூலகக் கூட்டா?

கல்லூரிச் செலவு என்றால் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாம் கணக்கில் வந்துவிடும். புத்தகம் மட்டும் செமஸ்டர் தொடங்கிய பிறகு வந்து நிற்கும். கோபியிலிருந்து கோவைக்கு பி.காம். படிக்க வந்த என் அண்ணன் மகளுக்காக, எது லாபம் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

முதல் வழி, கோவை உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகள். பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலைக்கும் கீழே வாங்கலாம். கணிதம், இயற்பியலுக்கு ஐந்து வருடப் பழைய பதிப்பே தாராளம். ஆனால் வருமான வரிப் பாடத்துக்குப் போன வருடப் புத்தகமே உதவாது. பட்ஜெட்டோடு கணக்கெல்லாம் மாறிவிடும். நாங்கள் அதில் ஏமாந்தோம்.

இரண்டாவது, கல்லூரிகள் சேர்ந்து வாங்கும் மின்நூலகம். கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு யு.ஜி.சி.யின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் 6,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள், லட்சக்கணக்கான மின்னூல்கள். அரசு உதவி பெறும் கல்லூரிக்கு ஆண்டுக் கட்டணம் வரியோடு 5,900 ரூபாய். 1,500 பேர் படிக்கும் கல்லூரி என்றால் ஆளுக்கு நாலு ரூபாய்கூட ஆகாது! வீட்டிலிருந்தே திறக்கலாம். ஆனால் நம் ஊர் ஆசிரியர்கள் எழுதி, செமஸ்டருக்குச் செமஸ்டர் ஓடும் பாடநூல்கள் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. முதலாண்டுக்கு உக்கடம், ப்ராஜெக்ட் எழுதும்போது என்-லிஸ்ட். என் கணக்கு இதுதான்.

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. சுயநிதிக் கல்லூரிகள் நிறைந்த நம் கொங்குப் பக்கத்தில் அந்தக் கதவு பலருக்குத் திறக்கவில்லை.

டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் சேர்ந்த நூலகங்கள் புத்தகங்களை ஒன்றுக்கொன்று இரவல் தரும். விலை உயர்ந்த பொறியியல் நூலுக்கு இது நல்ல வழி. வந்து சேர நாளாகும், நாளைக்குப் பரீட்சை என்றால் ஆகாது.

பொது நூலகத்தையும் விடாதீர்கள். 1948இல் நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சர் நம் திருப்பூர்க்காரர் அவினாசிலிங்கம். போட்டித் தேர்வு நூல்களுக்கு அங்கேதான் போக வேண்டும்.

சரி, அண்ணன் மகளுக்கு என்-லிஸ்ட் லாகின் கிடைத்தது மூன்றாம் ஆண்டில். "முதல் வருசமே ஏனுங்க தரலை?" என்று நூலகரிடம் கேட்டேன்.

"யாரும் கேக்கலைங்களே" என்றார்.