நகோயா டோகுகாவா மியூசியம்: கெஞ்ஜி கதை பிடிச்சவங்க கண்டிப்பா போங்க, தேதி மட்டும் பாத்துக்கோங்க

ஜப்பான் டூர் போற நம்மாளுங்க பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ பாத்துட்டு திரும்பிடுறாங்க, நடுவுல இருக்குற நகோயால இறங்குறதே இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி முராசாகி ஷிகிபுன்னு ஒரு அரண்மனைப் பெண் எழுதின நாவல் கெஞ்ஜி மொனொகதாரி, கெஞ்ஜிங்குற இளவரசனோட கதை. அத படிச்சு மனசுல வச்சிருக்கவங்க இறங்கியே ஆகணும், ஓசோனே ஸ்டேஷன்ல இருந்து மியூசியத்துக்கு நடந்தே போயிடலாம், திங்கக்கிழமை லீவு.

முதல்லயே சொல்லிடுறேன், 12ம் நூற்றாண்டு கெஞ்ஜி ஓவியச் சுருள்ல மிஞ்சினதுல 15 ஓவியம் இங்கதான் இருக்கு, ஆனா ஒரிஜினல வருஷத்துல கொஞ்ச நாள்தான், அதுவும் சிலத மட்டும்தான் வெளிய எடுப்பாங்க. வெளிச்சம் பட்டா கலர் போயிடும், அதனால அவங்க பண்றது சரிதான். மத்த நாள்ல நகல்தான், அதுக்காக போகாம இருந்துடாதீங்க. கூரைய எடுத்துட்டு மேல இருந்து வீட்டுக்குள்ள பாக்குற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, முகத்துல கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, அவ்ளோதான், ஆனா காஷிவாகி அத்தியாயத்துல தன்னோடது இல்லாத குழந்தைய கெஞ்ஜி கையில ஏந்திட்டு குனிஞ்சிருக்குற படத்துல அந்த ஒரு கோட்டுலயே அவ்ளோ வேதனை இருக்கு. சின்ன வயசுல அப்பாவோட மனைவி கூட உறவு வச்சு அவன் தன் அப்பாவுக்கு பண்ணின அதே துரோகம் இப்ப அவனுக்கே திரும்பி வந்திருக்கு, கதை தெரிஞ்சவங்களால அங்கிருந்து நகரவே முடியாது.

அடுத்து ஹட்சுனே சீர்வரிசை. அப்போ ஜப்பான ஆண்ட ராணுவத் தலைவர் (ஷோகுன்) இயெமிட்சுவோட பொண்ணு சியோஹிமேவுக்கு 1639ல கல்யாணம், அப்போ அவளுக்கு மூணு வயசு கூட முடியல. அவளுக்கு செஞ்ச அரக்கு பெட்டி, அலமாரி பெரும்பாலானதுல தங்கத்துல கெஞ்ஜியோட 23ம் அத்தியாயமான ஹட்சுனேவோட காட்சி, அதுல வர்ற கவிதையோட எழுத்துங்கள டிசைனுக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்காங்க. இதுவும் எல்லாத்தயும் ஒரே நேரத்துல வைக்க மாட்டாங்க, மாத்தி மாத்திதான்.

பக்கத்துலயே ஹோசா நூலகம். முராசாகி கைப்பட எழுதின ஒரு தாள் கூட இன்னிக்கு இல்ல, நாம படிக்கிறதெல்லாம் இருநூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு வந்தவங்க பிரதி எடுத்து காப்பாத்தினதுதான். அதுல முக்கியமா ரெண்டு வழி: கவிஞர் ஃபுஜிவாரா டெய்கா எடுத்த பிரதில இருந்து வந்தது ஒண்ணு, கவாச்சி மாகாண ஆளுநரா இருந்த ஒரு அப்பாவும் மகனும் திருத்தி எடுத்த பிரதில இருந்து வந்த கவாச்சி வழி இன்னொண்ணு. டெய்காவோட ஏட்டுல அஞ்சாவது அத்தியாயம் 2019லதான் டோக்கியோல ஒரு பழைய குடும்பத்து வீட்டுப் பெட்டில இருந்து வெளிய வந்துச்சு, அப்போ இன்னும் எங்கெங்க என்னென்ன கிடக்கோ! கவாச்சி வழில 1258ல எழுதின பிரதி இந்த ஹோசா நூலகத்தோட சொத்து, அதுவும் எப்பவும் வெளிய இருக்காது.

போறதுக்கு முன்னாடி காஷிவாகி அத்தியாயத்தயாவது படிச்சிட்டு போங்க, வெப்சைட்ல கண்காட்சி தேதி போட்டிருப்பாங்க, அதப் பாத்துட்டு டிக்கெட் எடுங்க. நகோயா தேதி ஒத்து வரலன்னா டோக்கியோ கோட்டோ மியூசியத்துல இதே சுருளோட 4 ஓவியம் இருக்கு, அதயும் கொஞ்ச நாள்தான் காட்டுவாங்க, பெரும்பாலும் வசந்த காலத்துல.